சனிக்கிழமைத் தூசி

காலையில் எழுந்ததும் உங்களுக்கு ஏழெட்டுத் தும்மல் வருகிறது, இல்லையா மேடம்? நான் வந்து உட்கார்ந்த இந்த அரை மணி நேரத்தில் மூன்று தடவை மூக்கு நுனியை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்த்துவிட்டீர்கள். ஜலதோஷம் பிடித்தவர்கள் சிந்துவார்கள், இப்படித் தேய்க்க மாட்டார்கள். கண்ணுக்குக் கீழே லேசாகக் கறுத்திருக்கிறது. காய்ச்சல் கிடையாது. வெளியூர் போனால் சரியாகிவிடும், வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி படுத்தால் திரும்ப ஆரம்பிக்கும். அப்படியென்றால் கோளாறு உங்களிடம் இல்லை, உங்கள் தலையணையில்.

பக்கத்தில் தட்டச்சு செய்கிறவர் சிரிக்கிறார். பரவாயில்லை, இதையும் சேர்த்தே அடிக்கட்டும். இதைச் சொல்லாமல் நான் செய்ததை மட்டும் சொன்னால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

தூசிப்பூச்சி என்று ஒன்று இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கடிக்காது, ரத்தம் குடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்றுகொண்டு மெத்தையில் குடித்தனம் நடத்தும். அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்ளும். அறை ஈரமாக இருந்தால் பெருகும், நன்றாக உலர்ந்தால் சாகும். எவ்வளவு எளிமையான ஏற்பாடு பாருங்கள். நம் மூச்சைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் கழிவு. அது காய்ந்து பொடியாகித் துணியின் இழைக்குள் உட்கார்ந்திருக்கும், தலை வைத்ததும் கிளம்பும். பூச்சியைக் கொல்வது சுலபம், கழிவை வெளியேற்றுவதுதான் வேலை. இந்த வித்தியாசம் முக்கியம்.

நான் இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் மெத்தை சுத்தம் செய்கிறேன். கதவைத் திறப்பார்கள், படுக்கையறையைக் காட்டுவார்கள், அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இயந்திரத்தின் இரைச்சல் அப்படி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. யார் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார்கள், எந்தத் தம்பதி நடுவில் இடம் விட்டுத் தூங்குகிறார்கள் என்று மெத்தையைப் பார்த்தே எனக்குத் தெரியும். அதே ஆட்கள் மறுநாள் தெருவில் எதிரே வந்தால் என்னை அடையாளம் தெரியாமல் கடந்து போவார்கள். பஞ்சர் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. என் மெத்தையில் ஒரே ஒரு பள்ளம்தான் இருக்கிறது.

அந்த வீட்டுக்கு முதலில் போனது போன வருடம், ஒரு சனிக்கிழமை. அம்மாவும் ஒன்பது வயதுப் பெண்ணும் மட்டும். அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. நாள் முழுக்க ஊரார் திட்டைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். மெத்தையில் ஏதோ கறை என்று கூப்பிட்டிருந்தார். நான் கறையைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பஞ்சு யானை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பெண்ணைத்தான் பார்த்தேன்.

சளி மருந்து குடித்துக் குடித்து அந்த வீட்டு அலமாரியில் ஒரு மருந்துக் கடையே இருந்தது. இது சளி இல்லை, அலர்ஜி, கையில் சொட்டு வைத்து ஊசி முனையால் கீறிப் பார்ப்பார்கள், போய்ப் பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் அந்த அம்மா பெண்ணின் முன்னங்கையை என்னிடம் நீட்டிக் காட்டினார். ஐந்தாறு புள்ளியில் ஒன்று மட்டும் கொசு கடித்த மாதிரி தடித்துச் சிவந்து அடங்கிய அடையாளம். தூசிப்பூச்சி. டாக்டருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன் என்று அந்த அம்மா என்னை அண்ணா என்று கூப்பிட்டார். அதுவரைக்கும் யாரும் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை.

பிறகு பதினொரு சனிக்கிழமை போனேன். தரை விரிப்பை எடுக்கவைத்தேன். கனத்த திரைச்சீலையை இறக்கினேன். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த நெருக்கமான இழை உறை போட்டேன். ஓரம் கிழிந்த இடத்தை, மெத்தை தைக்கும் நைலான் நூலால் நானே தைத்தேன். விரிப்புகளை வாரம் ஒரு முறை அறுபது டிகிரி வெந்நீரில் துவைக்கச் சொன்னேன். வெதுவெதுப்பில் துவைத்தால் பூச்சி குளித்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளும் என்று சொன்னபோது அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்து இருமினாள். துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி. சமையலறை ஆவி உள்ளே வராமல் கதவு. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டி, முள் ஐம்பதைத் தாண்டக்கூடாது என்று பெண்ணைக் காவலுக்கு வைத்தேன்.

அவள் அதைப் பெரிய உத்தியோகமாக எடுத்துக்கொண்டாள். நான் வந்ததும் டார்ச்சோடு பின்னாலேயே வருவாள். நான் அவளை சூப்பர்வைசர் என்பேன், அவள் என்னைத் தூசி மாமா என்பாள். இயந்திரம் ஓடும்போது அடுத்த அறைக்குப் போகாமல் காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்ற ஒரே ஆள் அவள்தான்.

யானையை மட்டும் விடமாட்டாள். துவைத்தால் அதன் வாசனை போய்விடும் என்று அழுகை. அதனால் அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன்.

"யானைக்குக் குளிராதா மாமா?"

"அதுக்குத்தான் தோல் தடிமன். உனக்குத்தான் இல்ல."

ஃப்ரீசர் பூச்சியைக் கொல்லும். கழிவு அப்படியே இருக்கும், அதற்குத் துவைக்கத்தான் வேண்டும். இதை அன்றைக்கு நான் சொன்னேன், மேடம். அதையும் எழுதச் சொல்லுங்கள். அவளைச் சமாதானம் செய்து நானே என் கையால் துவைத்தேன். அந்தக் காலத்தில் நான் எதையும் மறைக்கவில்லை.

பெண் தேறிவிட்டாள். வாய் மூடித் தூங்கினாள். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் நான்காவதாக வந்தாள். நான்காவது என்றால் என்ன, ஓடினாளே என்று அந்த அம்மா கண் கலங்கினார். வாசல் பக்கத்து அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"இனிமே நீங்க அலைய வேண்டாம்ணா. எல்லாத்தையும்தான் சொல்லிக் கொடுத்துட்டீங்களே. நாங்களே பாத்துக்கிறோம்."

நன்றியோடுதான் சொன்னார். நானும் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து நான்கு சனிக்கிழமைகள் என் அறையில் இருந்தேன். முதல் சனிக்கிழமை இயந்திரத்தின் குழாய்களைக் கழற்றிக் கழுவினேன். இரண்டாவது சனிக்கிழமையும் அவற்றையே கழுவினேன். மூன்றாவது சனிக்கிழமை கீழே போய்ப் பஞ்சர் கடைக்காரரிடம் ஈரப்பதம் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் "வண்டி எங்க சார்?" என்று கேட்டார். நான்காவது சனிக்கிழமை காலையிலிருந்து யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன், சத்தம் வந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை, சும்மா ஒரு பரிசோதனை என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். இருவருக்கும் சந்தோஷம். கால் மணி நேரத்தில் பார்க்க ஒன்றும் இல்லாமல் போனது. அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார்கள். கிளம்பும்போது யானையின் காது கிழிந்திருக்கிறது, தைத்துக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். காது உண்மையிலேயே கிழிந்திருந்தது.

என் இயந்திரத்தின் பையில் எப்போதும் பல வீட்டுத் தூசி இருக்கும். அதைச் சல்லடையில் சலித்தால் மைதா மாதிரி நைசாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று கீழே இறங்கும். யானையின் வயிற்றுத் தையலைப் பிரித்து இரண்டு கரண்டி வைத்து, திரும்பத் தைத்தேன். பொம்மைத் துணியின் இழை அகலமானது. அழுத்தும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஒரேயடியாக வராது. அதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் செய்தேன். திருப்பிக் கொடுக்கும்போது பெண் கேட்டாள், மாமா இனிமேல் ஃப்ரீசர் போதுமா, துவைக்கவும் வேண்டுமா என்று. அவளுக்கு என்ன பதில் வேண்டும் என்று முகத்திலேயே தெரிந்தது. போதும் என்றேன்.

ஒன்பதாம் நாள் அந்த அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சுண்ணா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க கொஞ்சம் வர முடியுமா?"

எத்தனையோ பேர் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். வர முடியுமா என்று அந்தக் குரலில் யாரும் கேட்டதில்லை. ஓடினேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். யானையை எடுத்துப் போய்ப் பஞ்சையே மாற்றிச் சுத்தமாகக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பெண் சரியானாள். சரியானதும் அவர்கள் முகத்தில் அந்தப் பழைய நிம்மதி, நான் தேவையில்லை என்கிற நிம்மதி, மெல்ல வர ஆரம்பித்தது. நான் மறுபடியும் காதைத் தைக்க யானையை வாங்கிப் போனேன்.

இப்படி ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு கரண்டிதான், தலை தட்டி. டாக்டர் கொடுத்த இன்ஹேலர் மருந்தை அவள் ஒழுங்காக உறிஞ்சுகிறாளா என்று நானே பக்கத்தில் நின்று பார்ப்பேன். மருந்தை உறிஞ்சிப் பத்து விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம், அவளும் நானும். அவளுக்குக் கஷ்டம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கஷ்டப்படும்போது அவள் தனியாக இல்லை. அதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

போன மாதம் டாக்டர் ஒன்று சொன்னார். விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருங்கள், அங்கே மூச்சு நன்றாக இருந்தால் குறை இந்த வீட்டில்தான், அங்கேயே குடிபோய்விடுங்கள் என்றார். நல்ல டாக்டர். அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பெரியம்மா வீடு பேருந்தில் ஆறு மணி நேரம். அந்த அம்மா பெட்டி கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார், அங்கே ஒத்துப்போனால் வேலையையும் மாற்றிக்கொள்வேன் என்று. பெண் சுவர் மீட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அங்கேயும் இருமினால் திரும்பி வந்துவிடுவார்கள். என் யோசனை அவ்வளவுதான். ஒரு மாதம் தாங்க வேண்டுமே என்று யானைக்குள் ஏழு கரண்டி வைத்தேன்.

பேருந்தில் ஜன்னல்கள் மூடியிருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல பகல் வெளிச்சம், பாதி வழி, அக்கம்பக்கம் ஊரே இல்லாத சாலை. பெண்ணுக்கு மூச்சு முட்டியதும் அந்த அம்மா இன்ஹேலரைக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பயந்த குழந்தைக்கு என்ன செய்வார்கள்? யானையை நெஞ்சோடு சேர்த்துக் கொடுத்து, முகம் புதைத்துக்கொள்ளச் சொல்லி, முதுகைத் தடவிக்கொண்டே வந்திருக்கிறார். திரும்ப முட்டியிருக்கிறது. திரும்பவும் யானை. ஆஸ்பத்திரி வாசலை அடைய நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் யானை அவள் முகத்தில்தான் இருந்தது.

ஒரு தாய் அப்படித்தான் செய்வார் என்பது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, யாரும் எனக்கு அப்படி எதையும் கொடுத்ததில்லை.

பெண்ணின் காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மா யானையை மடியில் வைத்து அழுத்தியபோது புடவை முழுக்கச் சாம்பல் நிறம் படிந்ததாம். வயிற்றைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். நைலான் நூல். அவர் வீட்டு மெத்தை உறையில் இருந்த அதே தையல். சலித்த தூசி எப்படி இருக்கும், அது எங்கிருந்து வரும் என்று அவருக்கு விளக்கியதே நான்தான். நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார். நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

ஆமாம், நான்தான் வைத்தேன். இரண்டு கரண்டியாக ஆறு தடவை, ஏழு கரண்டியாக ஒரு தடவை. வைக்கும்போது அது என்ன செய்யும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், மேடம். நாளைக்குச் சனிக்கிழமை. வேலைக்குப் போகிற நாளைச் சமாளித்துவிடலாம், விடுமுறை நாளில்தான் வீடு பெரிதாகிவிடும். அந்த அம்மாவுக்கு அது பழக்கமில்லை. எந்த நேரத்தில் என்ன செய்தால் பொழுது நகரும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக யாராவது சொல்லித் தர வேண்டும். உங்கள் ஆள் ஒருவரைத் துணைக்கு அனுப்பினால் நான் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன். பாவம், அவருக்கும் இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?