பஸ்ரியன் தூக்கின கை

இல்லைத் தம்பி, முகம் பிழையெண்டு நான் சொல்லேல்லை. முகம் அச்சொட்டா என்ர மனுசன்தான். அந்த மீசையும், தொப்பியைப் பின்பக்கமாத் திருப்பிப் போட்டிருக்கிறதும், கழுத்தில செபமாலையும் எல்லாம் சரி. கை மட்டுந்தான். கார்ட்டூன் படத்தின்ர கடைசியில தூக்குறார் பாருங்கோ, அந்தக் கை. அதை மாத்தினா எனக்குச் சம்மதம். மாத்த ஏலாதெண்டா அவரைப் புதுப் படத்தில போட வேண்டாம்.

கதிரையை இஞ்சால இழுத்துப் போட்டு இருங்கோ, அங்க வெயில் அடிக்குது. கொழும்பில இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள், பிளேன்ரியாவது குடிச்சிட்டுப் போங்கோ. மிஸிஸ் பஸ்ரியன் எண்டு கூப்பிடாதேங்கோ, வேற ஆரையோ கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. யசிந்தா அக்கா எண்டு சொல்லுங்கோ, இந்த ஓலைத்தொடுவாய் ஊரில எல்லாருக்கும் நான் யசிந்தா அக்காதான். கொஞ்சம் மெதுவாக் கதைப்பம், என்ன? பின் விறாந்தையில றொஷான் இருக்கிறான். என்ர கூடப்பிறந்தவன், எனக்கு இளையவன். நித்திரை இல்லை, சும்மாதான் இருக்கிறான். அவன்ர காதில இந்தப் படக்கதை விழக்கூடாது.

படத்தைக் கீறினது நீங்கள்தானோ? அப்பிடியோ? நான் வேற ஆரோ பெரிய ஆள் எண்டெல்லோ நினைச்சனான். நண்டுக் கொம்பனியில இருந்து டினோஜா மிஸ் வந்து எடுத்த போட்டோக்களை வச்சே கீறினனீங்கள்? இந்தக் கரையைக் கண்ணால காணாமல் வள்ளத்தையும் பனையையும் இவ்வளவு வடிவாக் கீறியிருக்கிறியள். பொய் சொல்லக் கூடாது, கெட்டிக்காரன்தான்.

அந்த மிஸ் வந்தண்டைக்கு அவருக்குக் கால் நிலத்தில நிக்கேல்லை. கொம்பனி கடலைப் பாதுகாக்கிறதைப் பற்றி ஒரு கார்ட்டூன் படம் செய்யப் போகுதாம், வெளிநாட்டில நண்டு வாங்கிற ஆக்களுக்கும் காட்டுவாங்களாம், அதில நாந்தான் ஆள் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சார். நிலைபேறு, நிலைபேறு எண்டு மிஸ் சொல்லிக்கொண்டே இருந்தா. அதென்ன பிள்ளை பேறு எண்டு இவர் கேக்க, நாளைக்கும் கடலில நண்டு இருக்கிறதுதான் அண்ணை எண்டா. அதுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு கஷ்டமான சொல்லு எண்டு சிரிச்சவர்.

உங்கட படத்தால நல்லதும் நடந்தது, அதை மறைக்க மாட்டன். முந்தி அவர் சினை நண்டையும் விடமாட்டார். வயித்தில முட்டையோட வந்தாலும் கூடைக்குள்ளதான் போடுவார். கேட்டா, நான் விட்டா மற்றவன் பிடிப்பான் எண்டுவார். படம் வந்த பிறகு அதை அவரால செய்ய ஏலாமப் போச்சு. படத்தில விட்டுட்டு இஞ்ச பிடிச்சா சனம் என்னைக் காறித் துப்பாதோ எண்டு சொல்லிச் சொல்லி, சினை நண்டை வலையால கழட்டித் தண்ணிக்குள்ள விடுவார். மனுசனுக்கு வெக்கம் பிடிச்சிட்டுது. நீங்கள் கீறின பஸ்ரியனைப் பாத்து இந்தப் பஸ்ரியன் திருந்தினவர்.

முதல் முதல் படத்தை ஞாயிறுப் பூசை முடியக் கோயில் மண்டபச் சுவரிலதான் காட்டினவை. நண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கேக்க சின்னனுகள் கத்தின கத்து! பெரியாக்களும் நல்லாத்தான் ரசிச்சுக்கொண்டு இருந்தவை. கடைசியில வள்ளம் கரைக்கு வருது, இவர் எழும்பி நிண்டு கையை உயரத் தூக்கி இப்பிடி இப்பிடி ஆட்டுறார். அவ்வளவுதான், மண்டபமே விழுந்து விழுந்து சிரிச்சது. சின்னத்தம்பியர் எழும்பி, ஆரடா அங்க, பஸ்ரியன்ர எஞ்சின் நிண்டிட்டுது, கயிறு கொண்டு ஓடுங்கோ எண்டார். அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் சிரிப்பை அடக்க ஏலேல்லை.

ஓம், உங்களுக்கு விளங்காது. உங்கட பிழை இல்லை. பஸ்ஸில போறவன், ரயிலில போறவன் கை காட்டுவான். கடலில ஆரும் சும்மா கை காட்ட மாட்டினம் தம்பி. எஞ்சின் நிண்டாலோ, ஆளுக்கு ஏலாமல் வந்தாலோ, எழும்பி நிண்டு கையைத் தூக்குறது. தூரத்தில சத்தம் கேக்காதெல்லோ, கைதான் தெரியும். அதைக் கண்டவன் ஆரெண்டாலும், கோவக்காரன் எண்டாலும், வலையை அப்பிடியே விட்டுட்டுப் போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வரவேணும். இதெல்லாம் ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறதில்லை. நல்லா வீட்டுக்கு வாறவன் குந்தி இருந்து எஞ்சின் பிடியைப் பிடிச்சுக்கொண்டு வருவான். கரையில பெண்டில் நிண்டாலும் கை காட்ட மாட்டான். தலையை லேசா ஒருக்கா ஆட்டுவான், அதுதான்.

நாங்கள் அண்டைக்கே டினோஜா மிஸ்ஸுக்குச் சொல்லியிருக்கலாம். ஆர் சொன்னது? பகிடியா எடுத்திட்டம். படம் வந்த சந்தோசத்தில, கை ஒரு பெரிய விசயமே எண்டு விட்டிட்டம்.

பேந்து அது ஊர்ப் பகிடியாப் போச்சு. இவற்ற வள்ளத்தைக் கண்டா மற்ற வள்ளத்துக்காரர் எழும்பி நிண்டு கையை ஆட்டுவினம். இவரும் விடமாட்டார், எழும்பி நிண்டு படத்தில ஆட்டின மாதிரியே ஆட்டுவார். பின்னேரத்தில கரையில நிண்டு பாத்தா ஒரே கையாத்தான் கிடக்கும். நானும் சிரிச்சனான். கலியாணம் கட்டி இத்தினை வருசத்தில அவர் அவ்வளவு சந்தோசமா இருந்து நான் காணேல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குச் சொல்லியிருப்பினம். ஆவணியில, மடுத் திருவிழா நேரம். கூடப் போறவர் றொபின்சன், அவர் குடும்பத்தோட மடுவுக்குப் போட்டார். கிட்டத்தானே வலை கிடக்கு, போய் எடுத்துக்கொண்டு வந்திடுறன் எண்டு இவர் தனியப் போனார். போன் வீட்டில, சார்ஜில கிடந்தது. மத்தியானத்துக்குப் பிறகு காத்து எழும்பிச்சு. பொழுதுபடவும் ஆள் வரேல்லை. அதுக்குப் பிறகுதான் வள்ளங்கள் தேடிப் போனது. வள்ளம் கவிண்டு கிடந்தது. ஆள் அடுத்த நாள்தான் உயிரில்லாமக் கரைக்கு வந்தவர். எஞ்சினைக் கழட்டிப் பாத்தவை, வள்ளம் கவிழ முதலே அது நிண்டிருக்கு எண்டு சொன்னவை.

அழேல்லைத் தம்பி. கண் இப்ப இப்பிடித்தான், தன்ர பாட்டில வரும். நீங்கள் குடியுங்கோ.

நான் வேலை செய்யிறது கொம்பனியின்ர நண்டு வாடியில. நண்டு தரம் பிரிக்கிறன். அங்க கொம்பனி ஒரு ரீவி வச்சிருக்கு. வள்ளங்கள் வந்து நண்டு நிறுக்கிற நேரம் முழுக்க உங்கட படம்தான் திரும்பத் திரும்ப ஓடும். நான் ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து வேலை செய்வன். ஆனா பாட்டுக் கேக்குமெல்லோ. அந்தப் பாட்டு முடியிற இடம் வர எனக்குத் தெரியும், இப்ப தூக்குறார் எண்டு. வாடி மனேஜர் பரமநாதன் சேர் நல்ல மனுசன், நிப்பாட்டச் சொல்லிக் கேட்டுப் பாத்தன். தலைமைக் கந்தோரில சொன்னாத்தான் அக்கா நிப்பாட்டலாம் எண்டார். இப்ப நிப்பாட்டுறதை விட்டிட்டு, அவற்ற ஞாபகமாப் புதுசாப் பெரிசாச் செய்யப் போறம் எண்டு வந்திருக்கிறியள். பள்ளிக்கூடங்களில, மன்னார் பஸ் நிலையத்தில எல்லாம் போடுவியளோ? ம்.

என்ன சொல்லுறியள், அந்தக் கைதான் படத்தின்ர உயிரோ? வெளிநாட்டு ஆக்களுக்கு அது நல்லாப் பிடிச்சுப் போச்சோ? நண்டுப் பெட்டியிலயும் அந்தக் கையைத்தான் அடிக்கப் போகினமோ. அவைக்கு அது போயிட்டு வாறன் எண்டு சொல்லுற மாதிரித் தெரியுதாக்கும். இருக்கும். அவையில பிழை இல்லை.

சரி தம்பி. ஒரு கைக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் எண்டு கேக்கிறியள். நியாயமான கேள்விதான். மெல்லமாச் சொல்லுறன், உங்களோட வச்சிருங்கோ. கொம்பனியில சொல்லேக்க, ஊர்வழக்கம் பிழைக்குது எண்டு மட்டும் சொல்லுங்கோ, போதும்.

றொஷான் அண்டைக்குக் கடலில நிண்டவன். காத்து எழும்ப முதல், கரைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தவன். கூட வந்தவை குனிஞ்சு வலையில நண்டு கழட்டிக்கொண்டு இருந்தவை, நிமிந்து பாத்தது இவன் மட்டும். அங்கால தூரத்தில அத்தான்ர வள்ளம். அத்தான் எழும்பி நிண்டு கையைத் தூக்கி ஆட்டுறார். ஒவ்வொரு நாளும் ஆட்டுறவர்தானே.

முப்பத்தொராம் நாள் பூசை முடிஞ்சு வந்துதான் எனக்குச் சொன்னவன். குசினிக்குள்ள நிலத்தில இருந்து சொன்னான். அத்தான் ஒரு கையைத்தான் தூக்கினவர் அக்கா, நான் ரெண்டு கையையும் தூக்கிச் சிரிச்சுப்போட்டு வந்திட்டன் எண்டான்.

அவனில எனக்குக் கோவம் வரேல்லை எண்டு சொல்ல மாட்டன். கொஞ்ச நாள் அவன்ர முகத்தைப் பாக்க ஏலாமக் கிடந்தது. ஆனா அவனும் என்ர தாய் பெத்த பிள்ளை. பேந்து ஒரு நாள் மனசைத் தேத்தி நண்டு கொண்டு வாடிக்கு வந்தவன். ரீவியில கை எழும்பிச்சு. கூடையை அப்பிடியே போட்டிட்டு வீட்டுக்கு வந்தவன்தான், பிறகு கடலுக்கும் போகேல்லை, கோயிலுக்கும் போகேல்லை. இனி நீங்கள் மன்னார் பஸ் நிலையத்திலயும் அந்தக் கையை வச்சா அவன் எங்க போறது?

உங்களில ஒரு கோவமும் இல்லை. ஏன் அழுறியள்? கடலைக் காணாத பிள்ளை, சந்தோசத்துக்கு எண்டு நினைச்சுத்தானே கீறினனீங்கள். துடையுங்கோ. அவன் எழும்பி வாற சத்தம் கேக்குது.

வேற ஒண்டும் மாத்த வேண்டாம். நண்டு சிரிக்கட்டும், அவர் சினை நண்டை விடட்டும். கையை மட்டும் கீழ இறக்கி விடுங்கோ தம்பி. எஞ்சின் பிடியைப் பிடிச்சுக்கொண்டு, சும்மா இருந்து வரட்டும். வீட்டுக்கு வாற ஆம்பிளை மாதிரி.