தளை தட்டிய எண்

ஐயா, முதலில் அந்த மின்விசிறியின் வேகத்தைச் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள். தாள்கள் பறந்தால் எனக்குப் பேச்சு ஓடாது. அரசுப் புள்ளியியல் துறையில் தலை நரைத்தவனுக்குக் கலைந்தது எதுவும் ஆகாது. "செருப்பைக்கூட உயர வரிசையிலதான் அடுக்குவார்" என்று என் மனைவி ஊரெல்லாம் கேலி பேசுவாள். நான் மறுத்ததில்லை.

இளமையில் வெண்பா எழுதிப் பழகியவன் நான். எண்ணிலும் தளை தட்டக் கூடாதென்பது என் பிடிவாதம். ஆண்டுதோறும் குழந்தை இறப்பு வீதத்தைக் கோடாக வரைந்து தருவது என் பணி. மேலிருந்து கீழே ஒழுகி இறங்கும் அதைப் பார்த்து, "சட்டம் போட்டு மாட்டலாம் சார்" என்பார் இயக்குநர்.

ஓராண்டு ஆற்றோரக் குடியிருப்பின் எண் மட்டும் துள்ளி எழுந்தது. கணக்கெடுத்த அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"வீடு வீடா நானே போய்ப் பார்த்தேன் சார். குழாய்த் தண்ணிதான் காரணம்கிறாங்க. கணக்குல தப்பே இல்ல."

"தப்புன்னு யாரும்மா சொன்னா? பொருந்தலைன்னுதான் சொல்றேன்."

பொருந்தாத எண்ணை விலக்கி, அண்டைப் பகுதிகளின் சராசரியை அவ்விடத்தில் இடுவது எங்கள் துறை அறிந்த முறை. இட்டேன். கோடு அழகாக ஒழுகியது. எண் அமைதியாக இருந்தமையால் குழாயைச் சோதிக்க எவரும் போகவில்லை. மறு ஆண்டும் துள்ளியது. மறு ஆண்டும் இட்டேன். பதவி உயர்வு வந்தது.

என் தங்கை கைக்குழந்தையோடு குடியிருப்பது அங்கேதான்.

"அண்ணா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. உன் மருமகளுக்கு வயித்துப்போக்கு நிக்கவே மாட்டேங்குது. உன் ஆபீஸ்ல சொல்லேன்."

"உனக்குச் சின்ன வயசுலேருந்தே பூனை மூக்கு, இல்லாத வாடையெல்லாம் வரும். கணக்குல உங்க பகுதி நல்லாத்தான் இருக்கு, போ."

அவளும் சிரித்துவிட்டாள். அண்ணன் அரசாங்கத்துக்கே கணக்குச் சொல்பவன். நம்பாமல் என்ன செய்வாள்?

அடுத்த வாரம் குழந்தை போய்விட்டது. அவ்வாண்டின் எண்ணில் என் மருமகளும் இருந்தாள். தெரிந்தேதான் விலக்கினேன், உறவுக்கென்று முறையை மாற்றினால் அது நேர்மையாகாது.

கணக்கெடுத்த அம்மாள் மனு எழுதியதால் இந்த விசாரணைக்கு நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

தங்கை இப்போது என்னோடு பேசுவதில்லை. பேசினால் விளக்குவேன். அந்தத் தெருவின் குழந்தைகளை உயிரோடு வைத்திருப்பது இன்று என் சராசரி ஒன்றுதான். என் மருமகளும் அவர்களுள் ஒருத்தி. என் கணக்குப்படி இவ்வாண்டு அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருப்பாள்.