நூத்தம்பது மைல் வட்டம்

காபி கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும், தம்பி. எங்க வீட்டுக்காரர் லாடி இருந்த காலத்திலேருந்தே இந்த ஆபீஸ்ல இப்படித்தான். டிரைவருங்க நாள் பூரா குடிக்கறாங்க, கெட்டியாப் போட்டா வயிறு என்னத்துக்காகும்னு சொல்வார். அந்தத் தட்டுல கொலாச்சி இருக்கு, எடுத்துக்குங்க. நடுவுல ப்ளம் பழம் வெச்ச பன்னு. பக்குவம் உங்க அம்மாவோடது, சர்ச்சு விருந்துக்கு மாவு பிசையறப்ப அவங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க.

கோல்பி காலையில உங்க ஷெரிஃப் ஆபீசுக்கு வந்தான்னு கேள்விப்பட்டேன். தனியாவே வந்திருக்கான். என்னென்ன சொன்னான்னு நீங்க சொல்ல மாட்டீங்க, அது உங்க வேலை, பரவாயில்ல. அவன் என் பையன். அவன் சொன்னதுல பொய் இருக்காது. நான் என் பங்கைச் சொல்றேன். நிதானமா எழுதிக்குங்க, எனக்கு ஒரு அவசரமும் இல்ல.

முதல்ல அந்தச் சுவத்துல மாட்டியிருக்கற மேப்பைப் பாருங்க. பென்சில்ல வட்டம் வட்டமா இருக்கே, அதெல்லாம் லாடி போட்டது. ஒவ்வொரு பண்ணை மேலேயும் ஒரு ஆணி அடிச்சு, நூல் கட்டி, இழுத்துப் போட்டார். லாரி ஓட்டறவனுக்கு நாளைக்குப் பதினோரு மணி நேரம்தான் சட்டம். அதுக்கு மேல ஓட்டினா இன்ஜினோட கோத்திருக்கற மிஷின் காட்டிக் கொடுத்துடும். படுத்துத் தூங்கி எழுந்தாத்தான் மறுபடி வண்டியை எடுக்கலாம். டிவி பொட்டி ஏத்தறவனுக்கு அது சரி. டிவி பொட்டி கத்தாது, தண்ணி கேக்காது. மாடு கேக்கும். அதனால மாடு, தீவனம் ஏத்தறவங்களுக்கு ஒரு சலுகை வெச்சிருக்காங்க. ஏத்தின இடத்திலேருந்து நூத்தம்பது மைலுக்குள்ள எவ்வளவு ஓட்டினாலும் கணக்குல சேராது. மிஷின்ல விவசாய லோடுன்னு ஒரு பொத்தானைத் தட்டிட்டா போதும், வட்டத்துக்குள்ள கடிகாரமே கிடையாது.

நல்ல சட்டம்தான். நான் குறை சொல்லல. வெயில்ல நிக்கற மாட்டை வெச்சுக்கிட்டு ஒருத்தன் ரோட்டோரமா படுத்துத் தூங்க முடியுமா? ஆனா லாடி என்கிட்ட ஒண்ணு சொல்வார். "கடிகாரத்தை நிறுத்திடலாம் ஆர்லிஸ், தூக்கத்தை யாரு நிறுத்தறது?" அதனால இந்த ஆபீஸ்ல ஒரு வழக்கம் கொண்டு வந்தார். லோடு கொடுக்கறதுக்கு முன்னாடி டிரைவரைப் பாத்து "கண்ணு எப்படி?"ன்னு கேக்கணும். அவன் "தெளிவு"ன்னா வண்டியை எடுக்கலாம். "கனம்"னா அந்த லோடு வேற ஆளுக்கு. ஏன்னு கேக்கக் கூடாது, கேலி பண்ணக் கூடாது, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது. டிரைவரும் கேக்காம தானா வந்து சொல்ல மாட்டான், ஆம்பளைங்க ரோஷம் அப்படி. லாடி போனப்புறம் நான்தான் கேட்டுட்டு இருந்தேன். ஒரு லோடுக்குக் கூடக் கேக்காம விட்டதில்ல. அதை எழுதிக்குங்க.

வெர்லின் ஸ்டோல்ட்ஸ் எங்ககிட்ட வேலைக்குச் சேந்தப்ப கோல்பி தவழ்ந்துட்டு இருந்தான். பெரிய உருவம், ஆனா கன்னுக்குட்டிங்க கிட்ட குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசுவார். மாட்டை விரட்டற கரண்ட் குச்சியைக் கையால தொட மாட்டார். தொப்பியை ஆட்டிக்கிட்டே ஏதாவது முனகுவார், அதுங்க வரிசையா ஏறிடும். காலையில இந்த நாற்காலியிலதான் உக்காருவார். "முதலாளியம்மா, இந்தக் காபியில மீன் வளக்கலாம், அடி வரைக்கும் தெரியுது"ம்பார். நான், "வளத்துத் தரேன், நீங்க பொரிச்சுச் சாப்பிடுங்க"ம்பேன். எனக்கு வெர்லினை ரொம்பப் பிடிக்கும். இப்பவும்தான்.

ஓப்பல் டெப்லி செத்துப் போனது உங்களுக்கே தெரியும். செப்டம்பர்ல. தபால் எடுக்க ரோட்டோரம் வந்தவங்களை ஏதோ வண்டி அடிச்சுட்டுப் போயிடுச்சு. வெளியூர்க்காரன் எவனோன்னு ஊரே பேசிச்சு. நானும் அடக்கத்துக்குப் போய் உருளைக்கிழங்கு சாலட் வெச்சுட்டு வந்தேன். அடிச்சது எங்க வண்டி. ஓட்டினது கோல்பி. நட்ட நடு மத்தியானம், சாப்பிட்டுட்டு வண்டி எடுத்திருக்கான், கண்ணு செருகிடுச்சு. ஏதோ தட்டின சத்தம் கேட்டு முழிச்சவன் தபால் பெட்டின்னு நெனச்சு வந்துட்டான். மறுநாள் சேதி கேட்டப்புறம்தான் அவனுக்கு விளங்கிச்சு. அன்னியிலேருந்து அவன் ஸ்டீரிங்கைத் தொடல. சரியாச் சாப்பிடறதும் இல்ல. டிரெய்லர் கழுவற கொட்டாயில போய் உக்காந்துக்குவான்.

எனக்கு முன்னாடி அவன் வெர்லின்கிட்ட சொல்லியிருக்கான். அக்டோபர் ஆரம்பத்துல வெர்லின் என்கிட்ட வந்தார். தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டார், அப்படி அவர் நின்னு நான் பாத்ததில்ல.

"முதலாளியம்மா, ஷெரிஃப்கிட்ட போகணும்."

"யாரு?"

"பையனும் நானும். கன்னுக்குட்டி ஏத்தற ஓட்டம் முடியட்டும். பண்ணைக்காரங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன், நடுவுல விட்டா அதுங்கதான் பட்டியில நின்னு சாகும். கடைசி லோடு இறங்கின மறுநாள் போறோம்."

"செத்துப் போனவங்க திரும்பி வருவாங்களா வெர்லின்? ஓப்பலுக்கு எண்பது வயசாச்சு."

அவர் என்னையே பாத்தார். "அவன் தூங்கினது அவன் தப்பு. அவனைத் தூங்க விடாம ஓட்ட வெச்சது யாருன்னும் கேப்பாங்க. அதுக்கும் பதில் வேணுமில்ல?"

எனக்குப் பயம் வந்துச்சு. ஒளிக்கல, தம்பி. ஆனா சரின்னேன். ஓட்டம் முடியட்டும்னேன்.

இந்த ஊர்ல வேற எவனா இருந்தாலும் அன்னிக்கே போயிருப்பான். வெர்லினுக்குக் கன்னுக்குட்டிங்க முக்கியம். இலையுதிர் காலத்துல தாய்கிட்டேருந்து பிரிச்ச கன்னுக்குட்டிங்க ஊரு முழுக்கக் கத்தும், உங்களுக்குத் தெரியாததா. எல்லாத்தையும் சந்தைக்கும் பட்டிக்கும் சேக்கற வரைக்கும் மாடு ஏத்தற வண்டி ஓய முடியாது. அந்த ஓட்டம் முடியற வரைக்கும் பொறுக்கறேன்னு அவர் சொன்னார். நான் யோசிச்சுப் பாத்தேன். ஓட்டம் முடிஞ்சாத்தானே?

அதனால நான் முடிய விடல.

பக்கத்து கவுண்டியில ஒரு லாரிக்காரனுக்கு இன்ஜின் போச்சு, அவன் லோடையும் நானே வாங்கிக்கிட்டேன். கோல்பி ஓட்டாததால எல்லாம் வெர்லின் தலையில. எல்லாம் இந்த வட்டங்களுக்குள்ளதான், ஒண்ணு கூட வெளிய போகல. ஒரு வட்டத்தோட ஓரத்துல இறக்கினா பக்கத்திலயே அடுத்த வட்டத்துல ஏத்தறதுக்கு லோடு இருக்கும், அப்படிப் பாத்துப் பாத்துக் கோத்தேன். கடிகாரம் ஓடவே இல்ல. சட்டத்தை நான் மீறல. வேணும்னா உங்க ஆளுங்களையே கேளுங்க, அந்த மிஷினை அவங்க பிரிச்சுப் பாத்துட்டு எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டாங்க.

ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "கண்ணு எப்படி?" முதல்ல "தெளிவு"ன்னார். அப்புறம் யோசிச்சு "தெளிவு"ன்னார். அப்புறம் கண்ணைக் கசக்கிட்டு, சிரிச்சுட்டு, "கண்ணு இருக்கு முதலாளியம்மா, அது போதும்"னார். லாடி எதுக்கு அந்தக் கேள்வியைக் கொண்டு வந்தாரோ தெரியல, ஒரு மனுஷன் எந்த எடத்துல நிக்கறான்னு தெரிஞ்சுக்க அதை விட நல்ல வழி இல்ல. நான் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நாளைக் குறிச்சேன்.

கடைசியா ஒரு நாள் உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி அவர் "கனம்"னார். இத்தனை வருஷத்துல அவர் வாயிலேருந்து அந்த வார்த்தை வந்ததே இல்ல. "ரொம்பக் கனம். கொஞ்சம் சாயறேன்"னு சொல்லிட்டு வண்டியிலேயே படுக்கப் போனார். நான் தடுக்கல. சரின்னேன். ஆனா அதுக்கு முன்னாடியே மேற்கால பண்ணைக்கு போன் பண்ணி, எங்க உதிரி டிரெய்லர் அங்க நிக்குதே, கன்னுக்குட்டிங்களை அதுல ஏத்தி வெச்சுடுங்க, வெர்லின் இதோ வந்துட்டார்னு சொல்லி வெச்சிருந்தேன். யாரும் அப்படி முன்னாலேயே ஏத்தி வெக்க மாட்டாங்க. ஏத்தினா அந்த நிமிஷமே கிளம்பணும். நிக்கற டிரெய்லர்ல காத்து வராது, ஒண்ணை ஒண்ணு மிதிச்சுக்கும்.

வண்டிக் கதவைத் தட்டினேன். "வெர்லின், அங்க கன்னுக்குட்டிங்களை ஏத்திட்டாங்களாம். வெயில்ல நிக்குதுங்க."

"ஏத்திட்டாங்களா? எவன் ஏத்தச் சொன்னான் கூறு கெட்டவன்?"

"இப்ப அதைக் கேட்டு என்ன ஆகப் போகுது?"

பூட்ஸை மாட்டிக்கிட்டு எழுந்துட்டார். எழுந்துடுவார்னு எனக்குத் தெரியும். வேற யாரையாவது கொல்லணும்னா வேற வழி தேட வேண்டியிருக்கும். வெர்லினுக்கு இது போதும்.

வெறும் வயித்தோட ஓட்டினா கண்ணு இருட்டும், பத்து நிமிஷம்தான்னு சொல்லி, கிளம்பறதுக்கு முன்னாடி சாப்பிட வெச்சேன். பன்னிக்கறி வறுவல், மாவு உருண்டை, புளிச்ச கோஸு, மேல கொழகொழன்னு குழம்பு. உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டுன்னு சும்மாவா சொன்னாங்க. கோல்பி விஷயத்திலேருந்து எனக்கு ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் ராத்திரியைப் பாத்துத்தான் பயப்படறாங்க. ராத்திரியில மனுஷன் ஜாக்கிரதையா இருப்பான். வயிறு நெறைஞ்ச மத்தியானம், கண்ணாடி வழியா இதமா வெயில், நேர் ரோடு, அங்கதான் ஆளு போயிடுவான். வெர்லின் தட்டை வழிச்சுச் சாப்பிட்டார். "லாடி போனப்புறம் இப்படிச் சாப்பிட்டதில்ல"ன்னார். அன்னிக்குக் காபி கேட்டார். தீந்துபோச்சுன்னேன். அது ஒண்ணுதான் நான் சொன்ன நேரடிப் பொய்.

டிரெய்லரைக் கோத்துக்கிட்டு எந்த ரோட்டுல வரணும்னும் நான்தான் சொன்னேன். பழைய ஆத்து ரோடு. தூரம் கொஞ்சம் குறைச்சல், அதோட அங்க வீடு கிடையாது, ரோட்டோரம் தபால் பெட்டி கிடையாது. இன்னொரு ஓப்பல் வேண்டாம்னு பாத்தேன். அந்த அளவுக்கு எனக்கும் மனசாட்சி இருக்கு. பாலத்துக்கு முன்னாடி வளைவுல வண்டி நேராப் போயிடுச்சு. பிரேக் போட்ட தடமே இல்லன்னு உங்க ஆளுங்க எழுதியிருந்தாங்க, அதாவது அவருக்குத் தெரிஞ்சிருக்காது. தூக்கத்திலேயே போயிட்டார். நல்ல சாவுதான். கன்னுக்குட்டிங்க கதைதான் வேற. அதுங்க கத்தினது பொழுது சாயற வரைக்கும் கேட்டுதுன்னு சொன்னாங்க. அதை நெனச்சா எனக்கு இப்பவும் சோறு இறங்கறதில்ல.

ஆமா, நான்தான் கொன்னேன். வெர்லின் ஸ்டோல்ட்ஸைத் தெரிஞ்சே, திட்டம் போட்டு, சாகடிச்சேன். என்கிட்டேயும் பெரிய வண்டி லைசென்ஸ் இருக்கு, தெரியுமில்ல? அந்த லோடை நானே எடுத்திருக்கலாம். எடுக்கல. கூண்டுல ஏத்தினாலும் இதைத்தான் சொல்வேன். பெத்தவ பையனுக்காகப் பண்ணினான்னு எழுதுங்க. இந்த ஊர்ல அதைப் புரிஞ்சுக்காத பொம்பளை இருக்க மாட்டா, உங்க அம்மா உட்பட.

கோல்பி போகணும்னுதான் சொன்னான், அது நிஜம். ஷெரிஃப்கிட்ட கூட வாங்கன்னு வெர்லினைக் கூப்பிட்டதே அவன்தான். அந்தக் கடைசி நாள் வெர்லின் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப கொட்டாயிலேருந்து வந்து என் கையைப் பிடிச்சான். "அம்மா, அவரை அனுப்பாத, அவர் கண்ணைப் பாரு. எனக்கு அவர் வேணும், தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல"ன்னான். நான் அவன் கையை எடுத்து விட்டேன். சின்னப் பசங்களுக்கு எது நல்லதுன்னு அவங்களுக்கா தெரியும்? எல்லாம் அவனுக்காகத்தான்.

நீங்க காபியைத் தொடவே இல்லையே. சரி, எழுந்துக்கறேன், கோட்டை மட்டும் எடுத்துக்கறேன். கைவிலங்கெல்லாம் வேண்டாம், நான் எங்க ஓடப் போறேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஓப்பல் செத்த அன்னிக்குக் காலையில கோல்பிகிட்டயும் நான் கேட்டேன், வழக்கம் போல. அவன் "கனம்மா"ன்னான். அதுக்கு முந்தின நாளும் அதையேதான் சொன்னான். நான் சிரிச்சுட்டு, உங்க அப்பா இந்த வயசுல எப்படி ஓட்டுவார் தெரியுமான்னு சாவியைக் கையில திணிச்சேன். அதை உங்ககிட்ட சொன்னானா, தம்பி? சொல்லலைன்னா அதை மட்டும் எழுத வேண்டாம்.