விரிசலின் குறுக்கே கண்ணாடி

பசை காய்ச்சுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. மைதா மாவில் துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அண்டாது. படத்தில் ஒட்டியிருக்கும் கண்ணாடிச் சில்லுகள் எங்கே கிடைத்தன என்றுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன்.

என் பெயர் ஐயாத்துரை. அருப்புக்கோட்டையில் டிராயிங் வாத்தியார். சுவரிலும் தூணிலும் இருக்கிற கோலங்களின்மேல் தாளை விரித்து, கரி தேய்த்துப் பிரதி எடுப்பேன். அதன்மேல் நூல், சுண்ணாம்பு, மணல் என்று ஒட்டிப் படமாக்குவேன். ஊரில் என்னைக் கிறுக்கன் என்றார்கள். திருச்சுழிப் பக்கம் மண்டபம் மண்டபமாகச் சைக்கிள் மிதித்தும் எனக்கு மனம் நிறையவில்லை. கல்லில் செதுக்கிய பூ என்றைக்குப் போனாலும் அப்படியே இருக்கும். வளருகிற கோலம் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

அது என் சொந்த வீட்டிலேயே கிடைத்தது. அப்பா விட்டுப்போன பழைய மச்சு வீட்டில் திம்மையாவும் அவர் மனைவி பஞ்சம்மாளும் குழித்தறி போட்டுக் குடியிருந்தார்கள். அறுபத்தொன்பது ஐப்பசி மழையில் தறி அறைச் சுவரில் விரிசல் ஒன்று இறங்கியது. கொத்தனார் ரத்தினத்தைக் கூட்டிப்போனவன் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசினார்.

"இது ஒடைஞ்சா சுவரு நகருதுன்னு அர்த்தம்மா. அப்புறம் ஒரு நிமிசம் உள்ள இருக்கக் கூடாது."

அன்றிலிருந்து பஞ்சம்மாள் சௌடேஸ்வரி படத்தைக் கும்பிட்ட கையோடு அந்தக் கண்ணாடியையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் தறியில் உட்காருவாள்.

தை மாதம் அவர்கள் வெளியே போயிருந்தபோது பிரதி எடுக்கப் போனேன். கண்ணாடி உடைந்திருந்தது. முதலில் பயம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஒற்றைக் கோடாக இருந்த விரிசல் வேர் மாதிரி பிரிந்து, அத்தனை அழகாக இருந்தது. வெளியே சொன்னால் முட்டுக் கொடுத்துச் சாந்தை அப்பிவிடுவார்கள். உடைந்ததைப் பையில் போட்டுக்கொண்டு, வேறு கண்ணாடி வைத்துப் பூசி, ஈரம் தெரியாமல் சாம்பல் தடவினேன். அந்தச் சில்லை ஒட்டியதும் படத்துக்கு உயிர் வந்தது. அதன் பிறகு உடைந்தபோதெல்லாம் அப்படியே செய்தேன்.

திம்மையாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"மச்சுல சத்தம் கேக்குது சார். பாவ அறுத்துட்டு வேற எடம் பாத்துரவா?"

தறியில் ஏற்றிய பாவு நூலைப் பாதியில் அறுப்பது அந்த வீட்டில் ஆகாத காரியம். அதற்கே அவர் துணிந்துவிட்டார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். பஞ்சம்மாள் முந்திக்கொண்டாள்.

"கண்ணாடி முழுசாத்தான இருக்கு? சாரு வாரா வாரம் வந்து பாக்குறாக. அவுகளுக்குத் தெரியாதா? பாவு முடியவும் போவோம்."

"கண்ணாடி இருக்கையில் என்ன பயம்?" என்றேன் நான்.

பங்குனிப் பொங்கலன்று தெருவே கோயிலில் இருந்தது. திம்மையாவும் போய்விட்டார். கொஞ்சம்தான் பாக்கி, நெய்து முடித்துவிட்டு வருகிறேன் என்று பஞ்சம்மாள் மட்டும் தங்கினாள். பிரதி எடுக்கப் போன நான் வாசலில் நின்றபோது மச்சு இடிந்து இறங்கியது. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

தறிக்குழிக்குள் கிடந்ததால் அவளுக்கு உயிர் இருந்தது.

"சார், இருக்கீகளா? கால எடுக்க முடியல சார். ஆளக் கூப்பிடுங்க."

விரிசல் ஓடிய சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தது. கோலம் தரைவரை இறங்கி முடிந்திருந்தது. ஆட்கள் வந்தால் முதலில் அந்தச் சுவரைத்தான் தள்ளுவார்கள். "இந்தா வந்துட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தாளை விரித்தேன். கரி தேய்க்கிற சத்தம் இடிபாட்டுக்குள் கேட்டிருக்கிறது.

"தோண்டுறாகளா சார்?"

"ஆமாம்மா."

அடி மூலைவரை நிதானமாகத் தேய்த்து முடித்தேன். அப்போது உள்ளே குரல் இல்லை. அதற்குப் பிறகுதான் தெருவுக்கு ஓடிவந்து கத்தினேன்.

வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது எந்தத் தாளில் கரியை வைத்தாலும் அவள் கேட்கிறாள், "தோண்டுறாகளா சார்?" என்று. பதில் சொல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். "ஆமாம்மா" என்றால் அடங்கிவிடுகிறாள்.

அதனால் பஞ்சம்மாளுக்கு என்மேல் கோபம் கிடையாது, ஐயா. இருந்தால் இன்னும் என் வார்த்தையை நம்புவாளா?