கொம்பன் படுக்கும் இடம்

மாவிஸ்: ...அப்ப இன்னிக்கும் வெறுங்கைதானா?

வெர்லின்: வெறுங்கைதான். அதுவும் வெறச்சுப்போன கை. காப்பி ஊத்து.

மாவிஸ்: மொதல்ல பூட்ஸக் கழட்டு. இப்பத்தான் தரையத் தொடச்சேன்.

வெர்லின்: வாரம் பூரா பரண்ல தவம் கெடக்கேன் மாவிஸ். பொட்ட மான் வருது, குட்டி வருது, இப்பத்தான் கொம்பு முளைச்ச பொடியனுங்க வர்றானுங்க. அந்தப் பெரிய கொம்பன் மான் மட்டும்...

மாவிஸ்: வருவானா? வயசானவன். வருசாவருசம் துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளந்தவன். உன்னை மாதிரி எத்தனை பேரப் பாத்திருப்பான்.

வெர்லின்: ராத்திரி என் சோளக்காட்டுல மேயுறான். விடிஞ்சா வேலி தாண்டி உன் நிலத்துக்குள்ள போயிடுறான். எங்க படுக்குறான்னுதான்...

மாவிஸ்: ஆத்தோரச் சதுப்புல. அன்னிக்கே சொன்னேனே.

வெர்லின்: ம்... சொன்ன.

மாவிஸ்: இன்னொரு துண்டு பூசணிப் பை வைக்கவா? விருந்துக்குச் சுட்ட இனிப்பு, மிச்சம் கெடக்கு.

வெர்லின்: வை. இன்னிக்குப் பொழுது சாஞ்சா வேட்டை சீசன் முடிஞ்சுது.

மாவிஸ்: தெரியும். மில்வாக்கீ டவுன்ல உன் பொண்ணு காத்துக்கிட்டிருப்பா. கொம்பனை அடிச்ச மறுநாளே பண்ணைய வித்துட்டு வந்துடறேன்னு வாக்குக் குடுத்திருக்கியே.

வெர்லின்: பொண்டாட்டி போன புதுசு. ஏதோ சொல்லிட்டேன்.

மாவிஸ்: குளிருக்கு அங்க சௌகரியமாத்தான் இருக்கும்.

வெர்லின்: போகச் சொல்றியா?

மாவிஸ்: நான் எதுக்குச் சொல்லணும்... ஆமா, பரண் எந்தப் பக்கம் போட்டிருக்க?

வெர்லின்: சோளக்காட்டுக்கு மேக்கால.

மாவிஸ்: மேக்காலயா? காத்தும் அங்கருந்துதானய்யா அடிக்குது. உன் வாடை முழுக்க அவன் வர்ற வழிக்கே போயிருக்குமே.

வெர்லின்: ...அப்படியா?

மாவிஸ்: அப்படியாவா? கிழட்டு மான் கண்ண விட மூக்கத்தான் நம்பும்னு எனக்கே பாடம் எடுத்தவன் நீ. வாரம் பூரா அங்கயேவா உக்காந்திருந்த?

வெர்லின்: பூசணிப் பை நல்லாருக்கு.

மாவிஸ்: பேச்ச மாத்தாத. மறந்துட்டியா, இல்ல வேணும்னே...

வெர்லின்: வேணும்னேதான். போதுமா?

மாவிஸ்: அட கிறுக்கா... என் வீட்டுக்காரர் கார்ல் போனப்புறம் இந்த வீட்ல ரெண்டாவது தட்டு எடுக்குறதே உனக்குத்தான். நீ கெளம்பிடுவியோன்னு பயந்து நான் வேற...

வெர்லின்: நீ வேற என்ன?

மாவிஸ்: ஒண்ணுமில்ல. காப்பியக் குடி.

வெர்லின்: சதுப்புல ஒரு மானும் படுக்கல. எனக்குத் தெரியும் மாவிஸ்.

மாவிஸ்: ...எப்பருந்து?

வெர்லின்: மொத நாள்லருந்து. இதே நாற்காலில உக்காந்திருந்தேன். உன் கோழிக்கொட்டாய்க்குப் பின்னால புதருக்குள்ள கொம்பு தெரிஞ்சுது. நீ ஓடிப்போய் ஜன்னல் திரைய இழுத்துவிட்டு, வெயில் கண்ணக் கூசுதுன்ன. வெளிய பனி கொட்டிக்கிட்டிருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலமே பொண்ணுக்கு ஃபோன் போட்டு, நான் வரலன்னு சொல்லிட்டேன்.