பக்கத்துக் கட்டில்காரரின் காய்ச்சல்

உங்கள் வார்டில் கஞ்சிக்கு உப்புதான் கொஞ்சம் குறைவு, டாக்டர் சுப்பிரமணியம். மற்றபடி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நாளைக்கு என் குடலை வெட்டப் போகிறீர்கள். அதற்குமுன் எண்பத்தொன்றாம் வருஷத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரிட்டயரானவனுக்குப் பேசுவதைத் தவிர வேறென்ன வேலை?

அப்போதும் இதே குடல்தான். பெரிய டாக்டர் என்னை மார்க்குழியிலிருந்து அடிவயிறு வரை வெட்டினார். நம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோடுகூட அவ்வளவு நீளம் இருக்காது. அதே நாள் நீங்கள், அப்போது சின்ன டாக்டர், பக்கத்துக் கட்டில் முகைதீன் பாய்க்கு விரல் நீளத்தில் வெட்டி அதே வேலையை முடித்தீர்கள். வெட்டு சிறிதானால் உள்ளே அழற்சியும் குறைவு, காய்ச்சல் சீக்கிரம் இறங்கும் என்றீர்கள். பாய்க்கும் அதுதான் தேவை. பிடோக்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மகள் நஃபீசாவின் நிக்காஹ். தானே நின்று நடத்தவேண்டும் என்று துடித்தார்.

அவர் காய்ச்சல் சொன்னபடியே இறங்கியது. என் நெற்றியிலோ அப்பளம் சுடலாம். பெரிய டாக்டர் பாயின் சார்ட்டைப் பார்த்து "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியானால் என்னுடையது வீண் வெட்டா? பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறேனே.

காற்றுப் பிரிந்தால்தான் கஞ்சி என்பது வார்டுச் சட்டம். நர்ஸ் ஜோசபின் காலையில் வந்து கேட்டால் பாய் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். "அண்ணே, அந்தப் பிள்ளைகிட்ட இத எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லிருங்க" என்பார். அன்றைக்கு, இன்னும் இல்லை என்று என் காதில் சொன்னார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்துபோய் ஜோசபினை மறித்து, பாய்க்குப் பிரிந்துவிட்டது, ஜன்னலெல்லாம் அதிர்ந்தது என்றேன்.

கஞ்சி வந்தது. பாய் தயங்கினார்.

"சின்ன வெட்டுக்காரங்களுக்கு எல்லாமே சீக்கிரம்தான் பாய். சாப்பிடுங்க."

மறுநாள் என் மனைவி பிலோமினம்மாள் தனக்கென்று வாங்கி வந்த, கறி அடைத்த முர்தபா ரொட்டியில் பாதியைக் கேட்டு வாங்கி பாய்க்கு ஊட்டினேன். நிக்காஹில் நிற்கத் தெம்பு வேண்டாமா? நன்றியோடு தின்றார்.

சாயங்காலத்துக்குள் பாயின் வயிறு மத்தளமாகிவிட்டது. காய்ச்சல் என்னுடையதைத் தாண்டியது. உள்தையல் விட்டுவிட்டது என்று மறுபடி திறந்தீர்கள். இந்தமுறை நீள வெட்டு, என்னுடையதைவிட ஒரு விரற்கடை அதிகம். அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நிக்காஹைத் தள்ளிப்போட வேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார். அதற்குள் டிஸ்சார்ஜாகிவிட்ட நான்தான் அவர் சார்பில் போனேன். பிரியாணி அருமை. பாய் வீடு திரும்பவில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டார்கள்.

நீங்களும் மனம் விட்டுப்போய்ச் சின்ன வெட்டையே கைவிட்டீர்கள். இன்று காலை என்னிடம், "நீள வெட்டுதான் ஐயா, சின்னதுல ஒருத்தரப் பறிகொடுத்தது போதும்" என்றீர்கள். அதனால்தான் வாயைத் திறக்கிறேன். உங்கள் முறையில் தப்பே இல்லை. பாயைக் கொன்றது நான்.

எனக்கு வலி தாங்காது, டாக்டர். நாளைக்குச் சின்ன வெட்டாகவே போடுங்கள். பாய் இருந்திருந்தால் அவரும் எனக்காக இதைத்தான் கேட்டிருப்பார். என்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.