பரசுராமன் பாதத்துத் தடம்

தலைமை ஏற்று அவைக்குத் தகைமை சேர்க்கும் சங்கத் தலைவர் லோகநாதன் அவர்களே! உலையின் வெப்பத்தில் உடல் வெந்தும் உள்ளம் வாடாத உழைப்பாளித் தோழர்களே! கழனி வேலை முடித்துக் கால் கழுவிய ஈரத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே! பழவேற்காட்டு மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மருந்து வாடை மாறாத கைகளைக் கூப்பி, தோல் மருத்துவர் குணசுந்தரி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தோலைப் பற்றிப் பேச ஒரு மேடையா என்று கேட்பீர்கள். ஏன் கூடாது? நம்மை உலகத்திலிருந்து பிரிப்பது எது? தோல்! நம்மை உலகத்தோடு சேர்ப்பது எது? அதே தோல்! என் வெளிநோயாளர் வரிசையை வந்து பாருங்கள். ஒருவருக்குத் தேமல், ஒருவருக்குப் படை, ஒரு வீடு முழுவதற்கும் சொறி சிரங்கு! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள்! முன்வரிசையில் இருவர் முழங்கையைச் சொறிவது இங்கிருந்தே தெரிகிறது!

சென்ற ஆண்டு பரசுராமன் என்பவர் வந்தார். ஆர்.கே.பேட்டைக்காரர். இங்கே ஓர் இரும்பு ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை. இரண்டு பாதங்களிலும் கருஞ்சிவப்பாக ஒரு தடம். கட்டை விரலிடுக்கில் தொடங்கி, இரு பக்கமும் பிரிந்து, கவட்டைக் கோல் போல் ஓடியது.

“அரிப்பு தாங்கல டாக்டரம்மா. அது கூட பரவால்ல. குஷ்டம்னு சொல்லி சங்கத்துப் பானையாண்ட எனக்குத் தனி டம்ளரு வெச்சிட்டானுங்க” என்றார்.

யார் வைத்தது? பத்தாண்டுகள் பக்கத்தில் நின்று மூட்டை தூக்கிய சுப்பிரமணி!

பஞ்சுத் திரியால் தொட்டுப் பார்த்தேன். தொட்ட இடமெல்லாம் உணர்ச்சி இருந்தது. தொழுநோய் அல்ல என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். “சீட்டு இன்னா சீட்டு? கால பாரு!” என்றார்களாம் தோழர்கள். நான் படை என்று நினைத்துக் களிம்பு கொடுத்தேன். கேட்கவில்லை. இரண்டாம் முறை வேறு களிம்பு கொடுத்தேன். இரு வாரம் கழித்து வந்தார். என்ன வியப்பு! தடம் ஏறக்குறைய மறைந்திருந்தது! என் களிம்பின் கைராசி என்று கர்வப்பட்டேன், தோழர்களே, கர்வப்பட்டேன்!

பத்தே நாளில் திரும்பி வந்தார். தடம் முன்னிலும் மோசம். கொப்புளங்கள் வேறு. அருகில் மனைவி ரத்னா, அழுது சிவந்த கண்களோடு. “திங்கக்கெழமையிலேர்ந்து வராதன்னு மேஸ்திரி சொல்லிட்டாரும்மா” என்றார். பரசுராமன் கையில் ஒரு ஜோடி ஹவாய் செருப்பு.

“செருப்பை வெளியே விடச் சொல்லிப் பலகை இருக்கிறதே?” என்றேன்.

“ரெண்டாவது தபா வந்தப்போ வெளியதான் வுட்டேன். எவனோ தூக்கினு பூட்டான். ரெண்டு வாரம் வெறுங்கால்லதான் நடந்தேன். இது புச்சு, டாக்டரம்மா.”

வெறுங்காலில் இரண்டு வாரம்! எந்த இரண்டு வாரம்? தடம் மறைந்த அதே இரண்டு வாரம்! “போடுங்கள் அதை!” என்று கத்தியே விட்டேன். போட்டார். ரப்பர் வார் அந்தத் தடத்தின் மேல் மயிரிழை பிசகாமல் படிந்தது! ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் மருந்து சிலர் தோலுக்கு ஆகாது. படித்தவள்தான் நான். ஆனால் விடையை வாசலிலேயே விட்டு வரச் சொன்னவளும் நான்தானே!

எனக்குத் தெரிந்தால் போதுமா? ஊருக்குத் தெரிய வேண்டாமா? வாரில் ஒரு சிறு துண்டு, வெறுந்துணியில் ஒரு துண்டு. இரண்டையும் அவர் முதுகில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்து, இதே சங்கக் கட்டடத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிரித்தேன். துணி இருந்த இடம் சுத்தம். ரப்பர் இருந்த இடம் நெருப்புச் சிவப்பு!

சுப்பிரமணி அந்தத் தனி டம்ளரை எடுத்தார். பானையில் மொண்டு மடமடவென்று குடித்தார். “தப்பா பூட்ச்சிடா மாமா” என்றார்.

பரசுராமன் சிரிக்கவில்லை. “நாப்பது நாளு ஆச்சுடா உனுக்கு” என்றார். அவ்வளவுதான்.

எல்லோரும் கைதட்டினார்கள். நீங்களும் தட்டுகிறீர்கள்! சற்றே பொறுங்கள், தோழர்களே. ரத்னா மட்டும் தட்டவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அந்த நோவே வந்திருந்தா, தனி டம்ளரு வெச்சது கரீட்டா, டாக்டரம்மா?”

கைதட்டல் நின்றது. அன்று அவருக்குச் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன். இல்லை! இல்லவே இல்லை! தொழுநோய்க்கு மாத்திரை இருக்கிறது. மாத்திரை உண்பவரோடு ஒரே பாயில் உட்காரலாம், ஒரே பானையில் நீர் மொள்ளலாம். தடம் கண்டால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். மனிதரை மட்டும் தள்ளி வைக்காதீர்கள்! ரப்பர் ஒத்துக்கொள்ளாதவரைக் காப்பாற்ற ஒரு துண்டு வார் போதும். நோயே வந்தவரைக் காப்பாற்ற நீங்கள் வேண்டும். நீங்கள் ஒவ்வொருவரும் வேண்டும்!

இவ்வளவு நேரம் சொறிந்துகொள்ளக் கூட மறந்து செவி கொடுத்த உங்களுக்கு என் நன்றி. வாருங்கள், வெட்கப்படாமல் வாருங்கள். என் அறைக் கதவு காலை எட்டு மணிக்குத் திறந்திருக்கும். வணக்கம்!